அமுக்குவது, மச்சில் நடப்பது, விளையில் நிற்பது: மூன்று இராப் பயங்களுக்குக் காரணம் தேடுவது எப்படி

கேள்வி இது. குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ஒரு வீடு. 26 வயதுத் தம்பி ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர், ராத்திரி 2.30க்கு எழும்புகிறார். மாதத்தில் நாலைந்து தடவை உறக்கத்தில் யாரோ நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து அமுக்குகிறது. கை கால் அசையவில்லை, கூப்பிட்டால் சத்தம் வரவில்லை, கதவுப் பக்கம் கறுப்பாக ஓர் ஆள் நிற்பது தெரிகிறது. இதுபோக, ராத்திரி மச்சின்மேல் நடமாட்டம் கேட்கிறது. விளையில், அதாவது தோட்டத்தில், வெள்ளையாக ஓர் உருவம் நின்று, உற்றுப் பார்த்ததும் மறைந்துவிடுகிறது. "வாதை ஏறியிருக்கு, மந்திரவாதியைப் பாக்கணும்" என்கிறார் அம்மா. வாதை என்றால் இங்கே பேய். "இதற்கெல்லாம் அறிவியலில் விளக்கம் உண்டா? உண்டென்றால் வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது?" என்று அக்கா கேட்கிறார்.

விளக்கம் உண்டு. ஆனால் மூன்றுக்கும் ஒரே விளக்கம் கிடையாது. ஒன்று உறக்கம் சம்பந்தப்பட்டது, ஒன்று கூரை சம்பந்தப்பட்டது, ஒன்று கண் சம்பந்தப்பட்டது. ஒரே வீட்டில், ஒரே மாதத்தில் நடப்பதால் பயம் மூன்றையும் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறது. அந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் முதல் வேலை. இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும்: தம்பி சொல்வது பொய்யல்ல, கோழைத்தனமும் அல்ல. அவர் அனுபவித்ததை அப்படியே நம்பிக்கொண்டுதான் காரணம் தேட வேண்டும்.

அமுக்குவதில் தொடங்குவோம். தமிழில் இதற்கு அமுக்குவான் என்று பெயரே இருக்கிறது. ஜப்பானில் கனாஷிபாரி என்பார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள் ஒரு கிழவி வந்து நெஞ்சில் உட்காருவதாகச் சொல்வார்கள். ஒருவரையொருவர் பார்த்தே இராத மக்கள் ஒரே மாதிரி சொல்வதற்குக் காரணம், எல்லாருடைய மூளையும் ஒரே மாதிரி வேலை செய்வதுதான். மருத்துவத்தில் இதை ஸ்லீப் பாரலிசிஸ் என்பார்கள், உறக்க முடக்கம் என்று நாம் சொல்லலாம். இந்தப் பெயரை 1928ல் கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர் வைத்தார். 2011ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, 36,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த 35 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பொதுமக்களில் நூற்றுக்கு 8 பேருக்கும், மாணவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கும் ஆயுளில் ஒரு தடவையாவது இது வந்திருந்தது.

என்ன நடக்கிறது? நம் உறக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் இமைக்குள் கண்மணி வேகமாக உருளும் ஒரு கட்டம் வரும். 1953ல் சிகாகோவில் கண்டறியப்பட்ட இந்தக் கட்டத்தில்தான் தெளிவான கனவுகள் அதிகம். கனவுறக்கம் என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் மூளைத்தண்டு, தண்டுவடத்தில் உள்ள இயக்க நரம்புகளை கிளைசின், காபா என்ற இரண்டு வேதிப்பொருள்களால் அடக்கி வைக்கிறது. கனவில் ஓடுகிறவர் பாயைவிட்டு எழுந்து ஓடிவிடாமல் இருக்க உடம்பு போடும் பூட்டு அது. கண்ணை உருட்டும் தசைகளும், மூச்சு விடும் உதரவிதானமும் மட்டும் அந்தப் பூட்டுக்கு வெளியே. பூட்டு திறப்பதற்குள் அறிவு விழித்துக்கொண்டால் அதுதான் அமுக்குவான்: கண் திறந்திருக்கும், அறை தெரியும், உடம்பு மட்டும் இன்னும் கனவுறக்கத்திலேயே கிடக்கும்.

இதைப் பிடித்துக்கொண்டால் தம்பி சொல்லும் ஒவ்வொன்றும் தனித்தனியாக விளங்கும். நெஞ்சில் பாரம் ஏன்? உதரவிதானம் தன்பாட்டுக்கு வேலை செய்கிறது, ஆனால் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் பூட்டப்பட்டிருக்கின்றன. பயத்தில் மூச்சை ஆழமாக இழுக்கப் பார்க்கிறார், நெஞ்சு விரிய மறுக்கிறது. விரியாத நெஞ்சை மூளை 'மேலே யாரோ இருக்கிறார்கள்' என்று படித்துக்கொள்கிறது. சத்தம் வராததற்குக் காரணம், நாக்கும் தாடையும் அதே பூட்டுக்குள் இருப்பது. ஆள் நிற்பதுபோல் தெரிவதற்கு இரண்டு காரணங்கள் சேர்கின்றன. ஆபத்தை உணரும் மூளைப் பகுதியான அமிக்டலா கனவுறக்கத்தில் மும்முரமாக இருக்கும், அந்தப் பயத்துக்கு ஓர் ஆளைத் தேடும். அதோடு, 'இது என் உடம்பு, இங்கே இருக்கிறது' என்ற கணக்கைக் காதுக்கு மேலே மூளையின் பக்கவாட்டில் உள்ள ஒரு பகுதி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு அப்போது குழம்பும். 2006ல் சுவிட்சர்லாந்தில் வலிப்பு நோயாளி ஒருவருக்குச் சிகிச்சைக்கு முந்தைய பரிசோதனையாக மூளையின் இடப்பக்கம் அந்த இடத்தில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்தபோது, தன் பின்னால் ஒரு நிழலாள் இருப்பதாக அவர் சொன்னார். அவர் உட்கார்ந்தால் அந்த ஆளும் உட்கார்ந்தது. காதில் இரைச்சல், மிதப்பது, யாரோ காலைப் பிடித்து இழுப்பது என்று சிலர் சொல்வதும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவைதான்.

சரி, ஏன் இவருக்கு, ஏன் மாதத்தில் நாலைந்து தடவை? வெயில் ஏறுவதற்கு முன் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் நன்றாக ஓடும். அதனால்தான் வெட்டு இருட்டிலேயே தொடங்குகிறது. 10.30க்குப் படுத்து 2.30க்கு எழும்பினால் 4 மணி நேரம்தான் கணக்கு. கனவுறக்கம் முன்னிரவில் சில நிமிடங்கள்தான் வரும், விடியப்போகும் நேரத்தில்தான் நீளும். ஆக, இவர் இழப்பது பெரும்பாலும் கனவுறக்கம். இழந்ததை உடம்பு கடனாக எழுதி வைக்கிறது. வேலை முடிந்து பகல் 11 மணிக்குக் கண் அசரும்போது, வழக்கமான படிகளைத் தாண்டி நேரே கனவுறக்கத்துக்குள் விழுகிறார். அறிவு இன்னும் முழுக்க அணையாத நேரத்தில் பூட்டு விழுந்துவிடுகிறது. "பகலிலும் அமுக்குகிறதே, அப்படியானால் இது சாதாரணமானது இல்லை" என்று பல வீடுகளில் பயப்படுவார்கள். உண்மையில் பகல் உறக்கத்தில் வருவது இந்த விளக்கத்துக்குக் கூடுதல் சான்று. 1992ல் ஜப்பானிய ஆய்வாளர்கள், உறங்கியவர்களை இடையில் எழுப்பிக் கொஞ்ச நேரம் விழிக்கவைத்து மறுபடி உறங்கவிட்டார்கள். சிலருக்கு ஆய்வுக்கூடத்திலேயே, உடம்பில் கம்பிகள் ஒட்டியிருக்கும்போதே, அமுக்கியது. மழை பெய்தால் வெட்டு கிடையாது, அன்று 7 மணிவரை உறங்குவார், மறுநாள் மறுபடி 2.30. இந்த ஏற்ற இறக்கமும் சேர்ந்துதான் வேலையைக் கெடுக்கிறது. மல்லாந்து படுப்பது மூன்றாவது காரணம், பல ஆய்வுகளிலும் திரும்பத் திரும்ப வருவது.

அமுக்கும்போது செய்ய வேண்டியதைப் பகலிலேயே சொல்லிப் பழகிவைக்க வேண்டும். அந்த நேரத்தில் புதிதாக யோசிக்க முடியாது. முதலில் மனசுக்குள் ஒரே வாக்கியம்: "இது பூட்டு, தானாகத் திறக்கும்." சில நொடிகளிலிருந்து ஒன்றிரண்டு நிமிடங்களுக்குள் திறந்துவிடும். மூச்சை இழுக்க முயல வேண்டாம். வயிறு தானாக ஏறி இறங்குவதைக் கவனித்து, அதன்போக்கில் விட்டுவிட வேண்டும். மூச்சு நிற்கவில்லை என்பது வயிற்றைக் கவனித்தாலே தெரியும். உடம்பு முழுவதையும் உதறி எழும்ப முயல்வதுதான் எல்லாரும் செய்யும் தவறு. உதறும் கட்டளைக்கு உடம்பு பதில் தராததால் பயம் ஏறும், பயம் ஏறினால் கறுப்பாள் பக்கத்தில் வரும். அந்த உருவத்தைப் பார்க்காமல் கண்ணைத் திருப்பி, மனசை வேறொன்றில், பழகிய ஒரு ஜெபத்திலோ குழந்தையின் முகத்திலோ, அழுத்தமாக நிறுத்துவது நல்லது. பலாந்த் ஜலால் என்ற ஆய்வாளர் வகுத்த பயிற்சி ஏறத்தாழ இதுதான்: அர்த்தத்தை மாற்று, பயத்திலிருந்து தள்ளி நில், உள்ளே கவனம் வை, தசைகளைத் தளர்த்து, அசைய முயலாதே. திறந்தவுடன் அதே இடத்தில் அதே மாதிரி படுத்துவிடக் கூடாது. எழுந்து முகம் கழுவி, வெளிச்சத்தில் 10 நிமிடம் உட்கார்ந்துவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வேண்டும். உடனே மறுபடி படுத்தால் அதே ராத்திரி இரண்டாவது தடவை வருவது சகஜம்.

வராமல் தடுக்க, படுக்கும் நேரத்தை 8 மணிக்குக் கொண்டுவர முடிந்தால் பாதிப் பிரச்சினை தீரும்: ஆறரை மணி நேரம் கிடைக்கும். மதியத்தில் ஒரே நேரத்தில், அலாரம் வைத்து, ஒன்றரை மணி நேரம் சேர்த்தால் மொத்தம் 8. வெட்டு இல்லாத நாளிலும் எழும்பும் நேரம் ஒரு மணி நேரத்துக்குமேல் தள்ளிப்போகக் கூடாது. கட்டன் சாயா மதியம் 12க்குப் பிறகு வேண்டாம். காபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும், 8 மணிக்குப் படுக்கிறவருக்கு மாலைச் சாயா நேரடி எதிரி. உறக்கத்துக்கென்று குடிக்கிற பழக்கம் இருந்தால், மது முன்னிரவில் கனவுறக்கத்தை அடக்கிப் பின்னிரவில் கூடுதலாகத் திருப்பிவிடும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். மல்லாந்து உருளாமல் இருக்க, ஒரு வேட்டியை இறுக்கிச் சுருட்டி முதுகுப் பக்கம் நீளவாக்கில் வைத்துக் கட்டினால் போதும்.

இனி ஒரு நோட்டு. இது இல்லாமல் மற்ற இரண்டு பயங்களையும் பிரிக்க முடியாது. 40 பக்க நோட்டு ஒன்றில் தேதி, மணி, அதற்கு முந்தைய உறக்கம் எத்தனை மணி நேரம், படுத்திருந்த நிலை, கண்டது அல்லது கேட்டது, வெளிச்சம் எப்படி இருந்தது, வேறு யார் கண்டார்கள், அன்று குடித்தது அல்லது சாப்பிட்ட மாத்திரை. இவற்றை யாரிடமும் பேசுவதற்கு முன் எழுத வேண்டும். பேசிவிட்டால், கேட்டவர்கள் சொல்லும் 'வெள்ளைப் புடவையா? கால் இருந்ததா?' எல்லாம் நினைவுக்குள் நுழைந்துவிடும். வாரம் கழித்து எது கண்டது, எது கேட்டது என்று கண்டவருக்கே பிரிக்க முடியாது. மச்சுச் சத்தத்துக்கு ஒரு பக்கம், விளைக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாக வையுங்கள். 4 வாரத்தில் நேரங்கள் தாமாக வரிசை கட்டி நிற்கும்.

மச்சுச் சத்தத்தில் நேரம்தான் துப்பு. இருட்டியதிலிருந்து 9, 10 மணிவரை 'டப்… டப்… டப்' என்று ஒரு பக்கமிருந்து மறுபக்கம் போகும் சத்தம் பெரும்பாலும் கூரை குளிர்வது. ஓட்டு வீட்டோடு சேர்த்துப் பின்பக்கம் தகர ஷீட் சாய்ப்பு இறக்கிய வீடுகளில் இது அதிகம். 5 மீட்டர் நீள இரும்பு ஷீட், பகலைவிட 30 டிகிரி குளிர்ந்தால் 1.8 மில்லிமீட்டர் சுருங்கும். அலுமினிய ஷீட் என்றால் கிட்டத்தட்ட 3.5 மில்லிமீட்டர். ஸ்குரூ பிடித்திருப்பதால் அது மெல்ல மெல்லச் சுருங்க முடியாது. இறுகி நின்று, பிடி தளர்ந்ததும் திடீரென்று நழுவும். ஒவ்வொரு ஸ்குரூவாக நழுவுவதால் காலடி போலவே வரிசையாகக் கேட்கிறது. சோதனை எளிது: மேகம் மூடி மழை பெய்த நாளில் ஷீட் சூடாவதில்லை, அன்று ராத்திரி சத்தம் இருக்காது. ஸ்குரூவுக்கு அடியில் ரப்பர் வாஷர் போட்டு, துளையைக் கொஞ்சம் நீளவாக்கில் அகலப்படுத்தினால் குறையும்.

நடுநிசிக்குப் பிறகும் விடியுமுன்னும் கேட்டால் உயிருள்ளது ஏதோ நடமாடுகிறது. எலி ஓடினால் வேகமாக, சுரண்டலாகக் கேட்கும். கனமாக, மெதுவாக, மனுசன் நடப்பதுபோல் கேட்பது பெரும்பாலும் மரநாய். 2 முதல் 5 கிலோ எடை, அந்தியில் இறங்கி இரை தேடப் போய் விடியுமுன் மச்சுக்குத் திரும்பும் பிராணி. பிலாவும் கமுகும் பனையும் நிற்கிற நம் விளைகளில் அதற்குப் பஞ்சமே இல்லை. மச்சில் ஒரு பலகையைப் போட்டு, சலித்த அடுப்புச் சாம்பலை மெல்லிசாகத் தூவி வைத்து மறுநாள் பாருங்கள். நகம் பதிந்த ஐந்து விரல் தடம் மரநாய். நகம் தெரியாத நாலு விரல் பூனை. முன்கால் நாலு, பின்கால் ஐந்து விரலுடன் சின்னத் தடம் எலி. ஒரே இடத்தில் பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடந்தாலும் மரநாய்தான். அது நுழையும் வழியை அடைப்பதென்றால் அது வெளியே போன பிறகு, உள்ளே குட்டி இல்லை என்று பார்த்துவிட்டு அடைக்க வேண்டும். குட்டியை உள்ளே வைத்து அடைத்தால் தாய் ராத்திரி முழுக்கக் கூரையைப் பிய்க்கும், பயம் இரட்டிப்பாகும். 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைக் காக்கிறது. பொறி, விஷம் இரண்டும் கூடாது.

விளையில் நிற்கும் வெள்ளை உருவம் கண்ணின் கதை. விழித்திரையில் இரண்டு வகை உணர்செல்கள்: பகலுக்கும் நிறத்துக்கும் சுமார் 60 லட்சம் கூம்புகள், இருட்டுக்குச் சுமார் 12 கோடி குச்சிகள். நாம் உற்றுப் பார்க்கும்போது உருவம் விழும் நட்டநடுக் குழியில் குச்சிகளே இல்லை. அதனால் மங்கிய ஒரு பொருள் ஓரக்கண்ணில் தெரியும், நேராகப் பார்த்ததும் மறையும். 'பார்த்ததும் மறைந்துவிட்டது' என்ற வாக்கியத்துக்கு முழு விளக்கமும் இதுதான். சோதிக்க, மறைந்த இடத்திலிருந்து பார்வையை ஒரு கை நீட்டி விரித்த சாணில் பாதி தூரம் விலக்கிப் பாருங்கள். திரும்பத் தெரிந்தால் அங்கே அசையாத பொருள் ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் ஒரு கம்பை நட்டுவிட்டு காலையில் போய்ப் பார்க்க வேண்டும். ரப்பர் விளையில் கிடைக்கக்கூடியவை: மழைக்காப்புக்கு மரத்தில் கட்டிய பிளாஸ்டிக் பாவாடை, புதிதாக வெட்டிய பட்டையில் வழிந்த பால், கொடியில் காயப்போட்ட ரப்பர் ஷீட், சுண்ணாம்பு அடித்த எல்லைக்கல், காய்ந்து தொங்கும் வாழைச்சருகு. மூளை அரைகுறை உருவத்தில் முதலில் தேடுவது மனித முகத்தையும் உடம்பையும்தான். காட்டில் வாழ்ந்த காலத்திலிருந்தே, இல்லாத ஆளை இருப்பதாக நினைப்பதைவிட இருக்கிற ஆளைக் கவனிக்காமல் விடுவதில்தான் ஆபத்து அதிகம்.

தலையில் லைட் கட்டிக்கொண்டு போகிறவருக்கு இன்னும் இரண்டு சங்கதிகள் சேரும். இருட்டுக்குக் கண் முழுக்கப் பழக 30 நிமிடத்துக்குமேல் ஆகும், ஒரு நொடி வெளிச்சம் அதை அழித்துவிடும். அதனால் லைட் படும் வட்டத்துக்கு வெளியே எல்லாம் கருங்குழியாகத் தெரியும், லைட்டை அணைத்தால் கண்ணில் ஒட்டிய பிம்பம் பார்வை போகிற இடமெல்லாம் கூடவே நகரும். இரண்டாவது, லைட் பட்டதும் தரைமட்டத்தில் எரியும் இரட்டைக் கண்கள். இரவு விலங்குகளின் விழித்திரைக்குப் பின்னால் கண்ணாடி போன்ற ஓர் அடுக்கு உண்டு, விழுந்த ஒளியை வந்த வழியே திருப்பி அனுப்பும். பூனை, மரநாய், தேவாங்கு எல்லாவற்றுக்கும் உண்டு, புல்லில் கிடக்கும் சிலந்திக்குக்கூட உண்டு.

பறந்து போன வெள்ளைக்கு வேறு விடை: கூகை. அடிவயிறும் முகமும் வெளுப்பு, இறகின் ஓரம் சீப்புப் போலப் பிளந்திருப்பதால் சிறகடிப்பது கேட்காது, கத்தினால் மனுசர் அலறுவதுபோல் இருக்கும். மணிக்கூண்டுகளிலும் கோபுரங்களிலும் குடியிருக்கும். சாக்குருவி என்று பயந்து கல்லெறிகிறவர்கள், விளையின் எலியை யார் தின்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி திடீரென்று மயக்கும் வாசம் வந்தால் அக்கம்பக்கத்தில் ஏழிலைப்பாலை பூத்திருக்கிறதா என்று தேடுங்கள். அது பூக்கும் காலமும், பாலையில் யட்சி இறங்குவாள் என்ற கதையும் ஒன்றாக வளர்ந்தவை.

காற்றாலைகள் நிறைந்த ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துக்காரர்கள் இதே கேள்வியில் காற்றாலையைக் குற்றம் சொல்வதுண்டு: காதில் விழாத தாழ்ந்த ஒலி மனசைக் கலக்கி உருவம் காட்டுகிறது என்று. இந்த எண்ணத்தின் மூலம் 1998ல் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் விக் டேண்டி என்ற பொறியாளர் எழுதிய கட்டுரை. ஓர் ஆய்வகத்தில் மின்விசிறி எழுப்பிய, நொடிக்கு 19 அதிர்வுகள் அளவிலான ஒலியே அங்கே தெரிந்த சாம்பல் நிற உருவத்துக்குக் காரணம் என்றார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2009ல் லண்டனில் 79 பேரைத் தனி அறையில் விட்டு, அப்படிப்பட்ட ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தபோது, அவர்கள் உணர்ந்த விசித்திரங்களுக்கும் ஒலிக்கும் தொடர்பு இல்லை. 'இங்கே ஏதாவது தோன்றலாம்' என்று முன்பே சொல்லி வைத்ததே போதுமாக இருந்தது. ஆகவே காற்றாலை விளக்கத்தை நான் ஏற்கமாட்டேன். அறிவியல் சொற்கள் இருப்பதாலேயே ஒரு விளக்கம் சரியாகிவிடாது. கணவாய்க் காற்று கதவிடுக்கில் ஊளையிட்டு உறக்கத்தைக் கெடுப்பது வேறு விஷயம், அது உண்மை. கெட்ட உறக்கம் அமுக்குவானைக் கூட்டிவரும்.

ஆனால் ஒரு விளக்கத்தை எந்த வீட்டிலும் தவறவிடக் கூடாது: கார்பன் மோனாக்சைடு. 1921ல் அமெரிக்கக் கண் மருத்துவ இதழ் ஒன்றில் வில்மர் என்ற மருத்துவர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். புது வீட்டில் காலடிச் சத்தம், உருவங்கள், படுக்கையில் அமுக்குவது, தலைவலி. காரணம், அடித்தளத்தில் இருந்த பழுதான அடுப்பு கக்கிய புகை. நம் காற்றோட்டமான வீடுகளில் இது அபூர்வம்தான். ஆனால் 2017 ஒக்கிப் புயலில்போல நாள்கணக்கில் கரண்ட் போகும்போது ஜெனரேட்டரை வராந்தாவில் ஓடவிடுவதும், கதவடைத்த அறையில் கரி மூட்டுவதும் உயிரை எடுக்கும். வாசமில்லாத வாயு அது. வீட்டில் எல்லாருக்கும் ஒன்றாகத் தலைவலி, குமட்டல், வெளியே வந்தால் தெளிவு என்றால் உடனே எல்லாரும் வெளியேறி 108ஐக் கூப்பிட வேண்டும். ஜெனரேட்டர் சன்னல் கதவிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளியே இருக்க வேண்டும்.

கடற்கரை ஊர்களில் கேட்கும் வேறொரு அனுபவம் உண்டு, அதை மேற்சொன்னவற்றோடு கலக்கக் கூடாது. இறந்தவர் குரல் கேட்பது, வாசலில் அவர் வந்து நிற்பது. சுனாமியிலும் ஒக்கியிலும் உடல்கூடக் கிடைக்காமல் ஆளை இழந்த வீடுகளில் இது வந்தால் யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். 1971ல் வேல்ஸில் துணையை இழந்த 293 பேரிடம் ஒரு மருத்துவர் விசாரித்தபோது ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தவரின் இருப்பை உணர்ந்ததாகச் சொன்னார்கள், அதில் பலருக்கு அது ஆறுதலாகவே இருந்தது. அது நோயல்ல. திருத்தவும் வேண்டாம், பேய் என்று விரட்டவும் வேண்டாம்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? வாரம் ஒரு தடவைக்குமேல் அமுக்கினால். பகலில் நின்ற நிலையில்கூட உறக்கம் வந்து விழுந்தால், அல்லது சிரிக்கும்போது முழங்கால் திடீரென்று தளர்ந்தால், அது நார்கோலெப்சி என்ற உறக்க நோயாக இருக்கலாம். சத்தமான குறட்டையோடு மூச்சுமுட்டி எழும்பினால் உறக்கத்தில் மூச்சுக்குழல் அடைகிறது. ஐம்பதைத் தாண்டியவர் கனவில் அடிப்பதை நிஜமாகவே பக்கத்தில் படுத்தவர்மேல் அடித்தால், அங்கே பூட்டே விழவில்லை என்று பொருள். அது பின்னாளில் பார்க்கின்சன் நோய்க்கு முன்னறிவிப்பாகவும் இருக்கக்கூடும், நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். சர்க்கரைக்கு ஊசி போடுகிறவர் வேர்த்து, கெட்ட கனவோடு எழும்பினால் உடனே சர்க்கரை அளவு பார்க்கணும். இரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் புரோபிரனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரைகளும் பயங்கரக் கனவு தரும். ஆனால் தாமாக நிறுத்தினால் இதயத்துக்கு ஆபத்து, டாக்டரிடம் சொல்லித்தான் மாற்றணும். தினமும் குடித்தவர் நிறுத்திய இரண்டு மூன்று நாளில் பூச்சி, ஆட்கள் தெரிகிறார்கள் என்று நடுங்கினால் அது அவசரம், ஆஸ்பத்திரிக்கு அன்றே. குழந்தை உறங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் அலறி எழுந்து, யாரையும் அடையாளம் தெரியாமல் இருந்து, காலையில் ஒன்றும் நினைவில்லாமல் இருந்தால் பெரும்பாலும் வளர வளர நின்றுவிடும். எழுப்ப வேண்டாம், விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். விழித்திருக்கும் பகலில் குரல் கேட்பதும், ஆட்கள் துரத்துவதாகச் சொல்வதும் இவற்றிலிருந்து வேறு, அதற்கு மனநல மருத்துவர் வேண்டும். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். போவதற்குத் தயக்கமாக இருந்தால் முதலில் 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

அம்மாவின் விஷயம். "வாதை எல்லாம் கிடையாது" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அவர் கவலை மகனைப் பற்றியது, சாமியைப் பற்றியது அல்ல. "அம்மா, அவன் பொய் சொல்லல்ல. அவனுக்கு ஒறக்கம் காணல்ல. ஒரு மாசம் எட்டு மணிக்குப் படுக்கட்டும், அதுக்குப் பெறவு பாப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். இசக்கியம்மன் கோயிலுக்குப் போய் வருவதோ, சர்ச்சில் ஜெபிப்பதோ, படுக்குமுன் விளக்கேற்றுவதோ தடுக்க வேண்டியவை அல்ல. பயம் தணிந்தால் அமுக்கலின் கொடுமையும் தணியும். ஆனால் கண் விழிக்க வைத்து ராத்திரி முழுக்கப் பூசை நடத்துவது உறக்கக் கடனை ஏற்றி, மறுநாளே அமுக்குவானைக் கொண்டுவந்து, 'பேய் கோபப்பட்டது' என்று இன்னொரு பூசைக்கு வழி திறக்கும். அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, பட்டினி போடுவது, கட்டி வைப்பது எதற்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கிடந்த 28 பேர் தீயில் தப்ப முடியாமல் செத்தார்கள். மனநோயுள்ளவரைச் சங்கிலியில் பிணைப்பதை 2017ம் ஆண்டு மனநலச் சட்டம் எந்த வடிவிலும் தடை செய்கிறது.

கடைசியாக, செலவில்லாத ஒரு சோதனை உங்கள் தம்பியின் தொழிலிலேயே இருக்கிறது. மாசி, பங்குனியில் ரப்பர் இலையுதிர்த்து வெட்டு நிற்கும்போது அவர் விடியும்வரை உறங்குவார். முதல் ஒரு வாரம் பழைய கடன் தீரும், அப்போது கனவு அதிகமாகவே வரலாம், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதற்குப் பிந்தைய 4 வாரத்தையும், வெட்டு மறுபடி தொடங்கிய பின் வரும் 4 வாரத்தையும் நோட்டில் பக்கத்துப் பக்கத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள். வீடு அதேதான், பாய் அதேதான், கதவு அதேதான். மாறியது உறக்கம் மட்டும். எண்ணிக்கை குறைந்திருந்தால் அந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டுங்கள். குறையவில்லை என்றால் அதே நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். அவர் கேட்கப்போகும் கேள்விகளில் பாதிக்கு அதிலேயே விடை இருக்கும்.